வீடு விற்கப் போறீங்களா? தரகர் யார் பக்கம்னு முதல்ல பாருங்க!

"அண்ணே, பார்ட்டி ரெடி! கையில ரொக்கம் வச்சிருக்காரு. நீங்க 'ம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே அட்வான்ஸ்!"

தேனி நேரு சிலைப் பக்கம் டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும். இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும். ஒருவர் கையில் பத்திர நகல். இன்னொருவர் காதில் செல்போன். பேசி முடிக்கப் போவதோ, யாரோ ஒருவர் ஆயுள் முழுக்க உழைத்துக் கட்டிய வீடு!

மதுரை-போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றது. பல வருடம் ரயிலே இல்லை. 2022 மே மாதம் தேனிக்கு அகல ரயில் வந்தது. 2023 ஜூனில் போடி வரை ஓடியது. அன்றிலிருந்து "ரயில் வந்தாச்சு, ரேட்டு ஏறியாச்சு" என்பது தரகர்கள் வாயில் தவறாமல் வரும் மந்திரம்!

பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கிறார்கள். பெற்றவர்கள் கம்பத்திலும் சின்னமனூரிலும் பெரிய வீட்டைக் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். "வித்துட்டு எங்ககூட வந்திருங்கப்பா" என்று மகன் போனில் சொல்கிறான். உடனே தேட வேண்டியது யாரை? தரகரைத்தான்!

ஆனால் எந்தத் தரகரை?

துண்டுக்குள் விரல்!

மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரகர் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். விற்பவரிடம் ஒரு விரல் கணக்கு, வாங்குபவரிடம் ஒரு விரல் கணக்கு. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

போடி ஏலக்காய் ஏலத்தைப் பாருங்கள். வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கேட்கிறார்கள். கேட்ட விலை எல்லோருக்கும் தெரிகிறது. ஒளிவு மறைவு கிடையாது.

ஒரு மூட்டை ஏலக்காய்க்கு உள்ள இந்த வெளிச்சம், நாற்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு இருக்க வேண்டாமா?

நாலு லட்சம் போச்சு!

கணக்கைப் பாருங்கள். கம்பத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீடு என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 40 லட்சம் தரத் தயார். தரகரோ வாத்தியாரிடம், "சார், 36-க்கு மேல யாரும் கேக்கல. வீடு பழசு. இப்ப விட்டா கிடைக்காது" என்கிறார். வாத்தியார் தலையாட்டுகிறார். நடுவில் நிற்கும் 4 லட்சம் தரகர் பைக்குள்! போதாததற்கு 2 சதவீத கமிஷன் வேறு, 72 ஆயிரம் ரூபாய். வாத்தியார் கையில் மிஞ்சுவது 35 லட்சத்து 28 ஆயிரம்.

இதே வியாபாரம் வெளிப்படையாக நடந்தால்? 40 லட்சத்துக்கு 2 சதவீத கமிஷன் 80 ஆயிரம். வாத்தியார் கையில் 39 லட்சத்து 20 ஆயிரம். வித்தியாசம் 3 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய்! ஒரு பேத்தியின் காலேஜ் படிப்பே முடிந்துவிடும்!

கமிஷனில் அரை சதவீதம் குறைக்க மணிக்கணக்கில் பேரம் பேசுகிறோம். "வாங்குறவரை நான் நேர்ல பார்க்கணும், விலையை அவர் வாயால கேக்கணும்" என்று சொல்ல மறந்துவிடுகிறோம். இந்தத் தொழிலில் இதற்குப் பெயர் 'மேல் வைத்து விற்பது'. "உங்களுக்கு நெட்டா இவ்வளவு வரும், மேல உள்ளதைக் கேக்காதீங்க" என்று யாராவது சொன்னால் உஷார்!

1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டமே இதைப் பற்றிப் பேசுகிறது. நமக்காக வேலை பார்க்கும் ஏஜெண்ட், நமக்குத் தெரியாமல் தன் சொந்தக் கணக்கில் அந்த வியாபாரத்தைச் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் கோர்ட்டுப் படி ஏறி வாங்குவதை விட, முதலிலேயே ஆளைப் பார்த்துப் பிடிப்பது நல்லதல்லவா?

விலையா? பேப்பரா?

நல்ல தரகரைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்.

வீட்டைப் பார்க்காமலேயே "அம்பதுக்கு முடிச்சுத் தர்றேன்" என்பவர் ஆசை காட்டுகிறார். மற்ற தரகர்களிடம் நீங்கள் போகாமல் இருக்கத்தான் அந்த 50! ரெண்டு மாதம் போனதும் 45 ஆகும், பிறகு 38 ஆகும்.

"மூலப் பத்திரம் இருக்காம்மா? வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா? பட்டா யார் பேர்ல? ஐயா காலமாயிட்டாரே, வாரிசுச் சான்று வாங்கிட்டீங்களா? வீட்டு வரி கட்டியிருக்கா?" என்று குடைபவர் இருக்கிறாரே, அவர்தான் வேலை தெரிந்தவர். நாளைக்கு வாங்குபவரின் வக்கீலும் பேங்க்காரரும் கேட்கப்போகிற கேள்வியை அவர் இன்றைக்கே கேட்டுவிடுகிறார்.

அடுத்து, "கடைசியா நீங்க முடிச்சுக் கொடுத்த மூணு வீடு எது?" என்று கேளுங்கள். அந்த வீட்டை விற்றவரைத் தேடிப் போய் விசாரியுங்கள். அல்லிநகரமோ உத்தமபாளையமோ, நம்ம ஊரில் நாலு பேரைக் கேட்டால் ஒரு ஆளின் சங்கதி தெரியாமலா போகும்? விலாசம் சொல்லத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

பதிவு செய்த ஏஜெண்டா?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2017-இல் வந்தன. பதிவான புதுத் திட்டங்களின் மனைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டுகள், ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்!

ஆனால் ஒன்று. தெருவில் நிற்கும் உங்கள் பழைய வீட்டை விற்றுத்தரும் தரகருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எனவே அந்தச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். இருந்தாலும், பதிவு எண் உள்ளவர் என்றால் அவர் பெயரும் விலாசமும் ஆணையத்தின் ஏட்டில் இருக்கிறது. இது ஒரு பலம்.

இந்த நாலை மறக்காதீங்க!

ஒன்று: ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். தரகருக்கு ஜெராக்ஸ் போதும்!

இரண்டு: 'பவர்' எழுதிக் கொடுக்காதீர்கள். "நீங்க எதுக்குண்ணே அலையணும், பவர் போட்டுக் கொடுத்திருங்க" என்பது இனிப்பான பேச்சு. பவர் கையில் இருந்தால் உங்கள் வீட்டை அவர் விலைக்கு அவர் விற்கலாம்! வெளிநாட்டில் இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் கொடுப்பதானால், ரத்த உறவுக்குக் கொடுங்கள்.

மூன்று: தரகர் தன் பெயரிலேயே கிரய அக்ரிமெண்ட் கேட்டால், அவர் அந்த நிமிடமே தரகர் இல்லை, வாங்குபவர்! கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து மூணு மாதம் கெடு வாங்குவார். அதற்குள் கூடுதல் விலைக்கு வேறு ஆளைப் பிடிப்பார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய அக்ரிமெண்டைப் பதிவு செய்ய வேண்டும். பதிவானால் அது வில்லங்கத்தில் ஏறும். ரத்து செய்ய அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வர மறுத்தால் கோர்ட்டுதான்! வீடும் விற்காது, நிம்மதியும் இருக்காது.

நாலு: அட்வான்ஸ் உங்கள் பேங்க் கணக்குக்கு நேராக வரட்டும். வீடு, நிலம் விற்பனைக்கு 20 ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரலாம். அது தரகருக்கு அல்ல, வாங்கிய உங்களுக்கு!

நாமும் நேர்மையா இருக்கணும்!

தரகர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. வெயிலில் பத்துப் பேரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டி, பட்டாவில் உள்ள பிழையைத் திருத்த தாலுகா ஆபீசுக்கு நடந்து, பதிவு நாளன்று காலையிலேயே வந்து நிற்கும் நல்ல மனிதர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? ஆளைக் கூட்டிவந்த பிறகு, "தரகரை விட்ருங்க, நாம நேரா முடிச்சுக்குவோம்" என்று வாங்குபவர் காதைக் கடிக்கிறோம். இதுவும் துண்டுக்குள் விரல்தானே!

ஆகவே, ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். கமிஷன் எத்தனை சதவீதம், வாங்குபவரிடமும் கமிஷன் உண்டா, எத்தனை நாள் கெடு. பணம் பத்திரப் பதிவு முடிந்த அன்றே கொடுக்கப்படும் என்றும் எழுதுங்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நல்ல தரகர் சந்தோஷமாகப் போடுவார். "நமக்குள்ள எதுக்குண்ணே பேப்பரு?" என்று நெளிபவரை, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

டீக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். ஏமாந்தால் போவது நாலு லட்சம்!