வயலைப் படிக்கத் தெரிந்தவர் தேவை

2023-ஆம் ஆண்டின் பிற்பகுதி உங்களுக்கு நினைவிருக்கிறதா, மாணவர்களே? பேரங்காடிகளில் உள்நாட்டு வெள்ளையரிசி வைக்கும் அடுக்குகள் பல இடங்களில் காலியாகக் கிடந்தன. அந்த ஆண்டு ஜூலை 20-இல் பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. செப்டம்பர் 1-இல் இறக்குமதி வெள்ளையரிசியின் விலையைப் பெர்னாஸ் நிறுவனம் டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்நாட்டு அரிசிக்கோ கிலோவுக்கு 2 ரிங்கிட் 60 சென் என்ற உச்சவரம்பு விலை இருந்தது. மலிவான அரிசியை எல்லாரும் தேடினார்கள். அது போதவில்லை.

ஏன் போதவில்லை? அப்போது நமக்குத் தேவையான அரிசியில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத்தான் நம் நாட்டு வயல்கள் தந்தன. மீதியை வெளிநாட்டிலிருந்து வாங்கினோம். அந்த 60 விழுக்காட்டை விளைவிக்கும் விவசாயிகளின் சராசரி வயதும் 60-ஐ ஒட்டியே இருக்கிறது என்று வேளாண் துறையினர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களுக்குப் பிறகு வயலில் யார் இறங்கப் போகிறார்கள்?

"நான் இல்லை, சார்" என்று வகுப்பில் பலர் சிரிப்பது வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. நம் தாத்தா பாட்டிகளில் பலர் ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் வெட்டியவர்கள். "நீயாவது படித்து நிழலில் உட்கார்ந்து வேலை செய்" என்று அவர்கள் தம் பிள்ளைகளிடம் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்த வேலை வேறு, இன்று வயல் கேட்கும் வேலை வேறு. இன்றைய வயலுக்கு உடல் வலிமையைவிட அறிவியல் தெரிந்த கண்கள் அதிகம் தேவைப்படுகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

பினாங்கு என்றால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் உடனே நினைவுக்கு வரும். 1972-இல் அங்கே தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியதிலிருந்து மின்னணுச் சில்லுகளால் பெயர் பெற்ற மாநிலம் இது. ஆனால் பாலத்தைக் கடந்து கெப்பாளா பத்தாஸ், பெனாகா பக்கம் போய்ப் பாருங்கள். சாலையின் இருபுறமும் நெல்வயல்கள். செபராங் பிறையில் மட்டும் சுமார் 10,000 ஹெக்டரில் நெல் விளைகிறது. வடக்கே கெடாவிலும் பெர்லிசிலும் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டர் இருக்கிறது. 1970-இல் தொடங்கப்பட்ட 'மாடா' என்னும் மூடா வேளாண் மேம்பாட்டு வாரியம் அதை நிர்வகிக்கிறது. நாட்டின் மிகப் பெரிய நெற்களஞ்சியம் அதுதான்.

இத்தனை பெரிய வயற்பரப்பை ஒவ்வொரு வரப்பாக நடந்து பார்ப்பது எளிதல்ல. இங்கேதான் டிரோன் வருகிறது.

இலை திருப்பி அனுப்பும் ஒளி

டிரோன் மேலிருந்து படம் எடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வேளாண் ஆய்வுக்கான டிரோனில் இருக்கும் கேமரா, நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் பார்க்கும்.

இலையில் உள்ள பச்சையம், அதாவது குளோரோபில், ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அண்மை அகச்சிவப்புக் கதிர்களால் இலைக்குப் பயனில்லை. இலையின் உள்ளே இருக்கும் செல் அமைப்பு அவற்றில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே நலமான இலையிலிருந்து சிவப்பு குறைவாகவும் அகச்சிவப்பு அதிகமாகவும் வரும். இலை நோயுற்றால் பச்சையம் குறைகிறது, செல் அமைப்பும் சிதைகிறது. சிவப்பு கூடும், அகச்சிவப்பு குறையும்.

இந்த இரண்டு அளவுகளையும் வைத்து ஓர் எளிய கணக்குப் போடலாம். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழியுங்கள். வரும் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். இதைத்தான் 'என்.டி.வி.ஐ.' என்னும் தாவரக் குறியீட்டெண் என்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் இலை அகச்சிவப்பில் 50 விழுக்காட்டையும் சிவப்பில் 8 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 50-இல் 8 போனால் 42. அதை 58-ஆல் வகுத்தால் 0.72. இன்னோர் இலை அகச்சிவப்பில் 40, சிவப்பில் 20 விழுக்காட்டை அனுப்புகிறது. 20-ஐ 60-ஆல் வகுத்தால் 0.33. முதல் இலை நலமாக இருக்கிறது. இரண்டாவதற்கு ஏதோ சிக்கல். இப்படி வயலின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி கணக்கிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஒரு வரைபடம் தருகிறது.

எங்கே என்பது தெரியும்; ஏன் என்பது?

வரைபடத்தின் ஒரு மூலையில் சிவப்பு வட்டம் தெரிகிறது. அங்கே பயிர் வாடுகிறது என்று டிரோன் சொல்லிவிட்டது. ஆனால் ஏன் வாடுகிறது? அதை டிரோன் சொல்லாது.

நைட்ரஜன் சத்துக் குறைவாக இருக்கலாம். நைட்ரஜன் செடிக்குள் இடம்பெயரும் சத்து. பற்றாக்குறை வந்தால், செடி அதை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்து இளம் இலைகளுக்கு அனுப்பும். எனவே அடியிலுள்ள பழைய இலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகச் சத்து அவ்வளவு எளிதாக இடம்பெயராது; அது குறைந்தால் இளம் இலைகள் முதலில் வெளுக்கும். இரண்டும் இல்லாமல், புகையான் என்னும் பழுப்புத் தத்துப்பூச்சியும் காரணமாக இருக்கலாம். அது தண்டின் அடியில், நீர்மட்டத்துக்கு அருகே ஒளிந்திருந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்ட வட்டமாகக் கருகும்.

உரக்குறை என்று தவறாக நினைத்து யூரியாவைக் கொட்டினால் என்ன ஆகும்? நைட்ரஜன் மிகுந்த, செழித்த பயிரில் புகையான் இன்னும் வேகமாகப் பெருகும். பூச்சி என்று தவறாக நினைத்து மருந்து அடித்தால், பூச்சியைத் தின்னும் சிலந்திகள் செத்துப்போகும்; அடுத்த முறை பூச்சி கூடும். ஆக, யாராவது ஒருவர் வயலில் இறங்கி, தூரை விலக்கி, இலையைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். அந்த ஒருவர்தான் பயிரியல் வல்லுநர். டிரோன் அவருடைய வேலையைப் பறிக்கவில்லை. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு வழிகாட்டுகிறது.

தெளிக்கும் டிரோனுக்கும் இதே கதைதான். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து சேற்றில் மணிக்கணக்கில் நடந்து செய்த வேலையை, அது ஒரு ஹெக்டருக்குச் சுமார் கால் மணி நேரத்தில் முடித்துவிடும். மருந்து நெடியிலிருந்து தொழிலாளியும் தப்பிக்கிறார். ஆனால் காற்று வீசினால் நுண்துளிகள் பக்கத்து வீட்டுக்கும் கால்வாய்க்கும் போகும். காற்றின் வேகம், பறக்கும் உயரம், துளியின் அளவு மூன்றையும் கணக்கிட்டு, "இன்று தெளிக்க வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல டிரோன் இயக்குநர். அதனால்தான் இந்தப் பணிக்கு மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி கட்டாயம். இது ஆண்களுக்கு மட்டுமான வேலை என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வேளாண் டிரோன் வழங்கிப் பயிற்சி தரும் 'நமோ டிரோன் தீதி' திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது.

நம் குழாயும் அவர்கள் வாய்க்காலும்

பினாங்கு மக்களுக்கு இதில் இன்னொரு பங்கு உண்டு. நம் மாநிலம் சுத்திகரித்துக் குடிக்கும் நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அதே ஆற்றுநீர்தான் வயல்களுக்கும் பாய்கிறது. வறட்சிக் காலத்தில் இரண்டுக்கும் போதுமா என்ற கவலை ஆண்டுதோறும் எழுகிறது.

நெல்வயலில் எப்போதும் நீர் தேங்கியிருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். தேவையில்லை என்கிறது பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம் பரப்பிவரும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை. சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள, சுற்றிலும் துளையிட்ட ஒரு குழாயை வயலில் பாதி புதைக்கிறார்கள். அதனுள்ளே தெரியும் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை நீர் பாய்ச்ச வேண்டியதில்லை. வேர்களுக்கு அந்த ஈரம் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். இம்முறையால் 30 விழுக்காடு வரை பாசன நீரைச் சேமிக்கலாம். இன்னொரு நன்மையும் உண்டு. நீர் தேங்கிய, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. மண் இடையிடையே காய்ந்தால் அந்த வாயு வெகுவாகக் குறைகிறது.

அந்தக் குழாய்க்குள் ஓர் உணரியைப் பொருத்தினால், நீர்மட்டம் கைப்பேசிக்கே வந்துவிடும். உணரியை வடிவமைப்பவர், சேற்றிலும் மழையிலும் அது பழுதாகாமல் பராமரிப்பவர், அந்தத் தரவைப் படித்து மதகை எப்போது திறப்பது என்று முடிவெடுப்பவர் என மூன்று வேலைகள் அங்கே பிறக்கின்றன. பாயான் லெப்பாசில் கற்கும் மின்னணுத் திறன் பெனாகா வயலுக்கும் பயன்படும் இடம் இது.

பொன்னி அரிசியின் பயணம்

வேளாண் தொழில்நுட்பம் என்றால் இயந்திரம் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். விதையும் தொழில்நுட்பம்தான்.

1950-களில் ஐ.நா.வின் உணவு, வேளாண் நிறுவனம் நடத்திய திட்டத்தின் கீழ், இந்தியாவின் கட்டாக் நகரில் தைவானின் 'தைச்சுங் 65' நெல்லும் மலாயாவின் 'மாயாங் எபோஸ்' நெல்லும் கலக்கப்பட்டன. அந்தக் கலப்பின் வழிவந்த விதைகளை நம் நாட்டு ஆய்வாளர்கள் பல தலைமுறைகள் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-இல் 'மசூரி' என்ற பெயரில் புதிய நெல் வெளியானது. பகல் நேரத்தின் நீளத்தைச் சாராமல் பூக்கும் என்பதால், ஆண்டுக்கு இரு போகம் விளைவிக்க அது உதவியது.

அந்த மசூரி மீண்டும் இந்தியாவுக்குப் போனது. தமிழ்நாட்டில் பெயர் பெற்ற வெள்ளைப் பொன்னி அதே கலப்பில் பிறந்தது. ஆந்திராவில் 1986-இல் வெளியான 'சம்பா மசூரி'யின் பெற்றோரில் ஒன்று நம் மசூரி. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கும் பொன்னி அரிசியில் மலாயா நெல்லின் மரபணுக்கள் இருக்கின்றன என்பது வியப்பாக இல்லையா? இன்று இந்த விதைப் பணியை 'மார்டி' ஆராய்ச்சிக் கழகம் தொடர்கிறது. 2001-இல் அது வெளியிட்ட 'எம்.ஆர். 219' நாடெங்கும் பரவியது. ஆனால் ஒரு ரகத்தையே நெடுங்காலம் நம்பினால் நோய்கள் அதற்குப் பழகிவிடும். எனவே பயிர்ப் பெருக்க வல்லுநரின் வேலை ஒருபோதும் முடிவதில்லை.

எந்த வழியில் போகலாம்?

உயிரியலும் வேதியியலும் பிடிக்குமானால் பயிரியல், பயிர்ப் பெருக்கம், மண்ணியல். இயற்பியலும் கணிதமும் பிடிக்குமானால் நீர்ப்பாசனப் பொறியியல், உணரித் தொழில்நுட்பம், தரவுப் பகுப்பாய்வு. கைவேலையில் ஆர்வமிருந்தால் அறுவடை இயந்திரம், டிரோன் ஆகியவற்றை இயக்குவதும் பழுதுபார்ப்பதும்.

1931-இல் செர்டாங்கில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் வேளாண் அறிவியலும் வேளாண் பொறியியலும் படிக்கலாம். நம் மாநிலத்திலேயே உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறை இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்ததும் செய்முறைக் கல்வி வேண்டுவோருக்கு வேளாண் துறையின் பயிற்சிக் கழகங்கள் உண்டு. அலோர்ஸ்டார் அருகே தித்தி காஜாவில் உள்ளது நமக்குப் பக்கம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு நிலத்தில் நெல்லை மட்டும் நம்பிப் பெரும் வருமானம் பார்ப்பது கடினம். டிரோனின் விலையும் அதிகம். அதனால்தான் பல விவசாயிகள் டிரோனைச் சொந்தமாக வாங்காமல், தெளித்துத் தருபவருக்குக் கூலி கொடுக்கிறார்கள். நிலம் இல்லாத இளைஞரும் வேளாண்மைக்குள் நுழைய அது ஒரு கதவு. நம்மில் பெரும்பாலோருக்கு நிலமில்லை. திறமைக்கு நிலப்பட்டா தேவையில்லை.

செய்து பாருங்கள்

ஆழமான ஒரு வாளியில் மண் நிரப்பி நெல்லோ கங்குங் கீரையோ நடுங்கள். துளையிட்ட குழாய் ஒன்றை மண்ணில் செங்குத்தாகப் புதையுங்கள். மண்ணுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் நீர் ஊற்றி, தினமும் ஒரே நேரத்தில் குழாய்க்குள் குச்சியை விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிடாதபடி வாளியையும் குழாய் வாயையும் மெல்லிய வலையால் மூட மறக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து வரைபடம் போடுங்கள். நீர்மட்டம் வேகமாக இறங்கிய நாள்களில் வெயில் எப்படி இருந்தது, காற்று எப்படி இருந்தது, செடி எவ்வளவு வளர்ந்திருந்தது? விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். வயலைப் படிக்கும் வேலையின் முதல் பாடம் அதுதான்.