வல்லாரையும் நினைவாற்றலும்

களனி கங்கைக் கரையிலுள்ள கரவனெல்லவிலும் அதனைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களிலும் ஈரநிலமெங்கும் படர்ந்து வளர்வது வல்லாரை. சிங்கள மக்கள் இதனைக் கொட்டுகொல என்பர். சம்பலாகவும் இலைக்கஞ்சியாகவும் உண்ணப்பெறும் இக்கீரை, பிள்ளைகளின் ஞாபகசக்தியை வளர்க்கும் என்பது தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை. இதுபற்றி விஞ்ஞானம் கூறுவது யாது?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. மரம் கிளைவிடுவதுபோல ஒவ்வொரு கலமும் நுண்ணிய இழைகளைப் பரப்பி, அவற்றின் வழியே அயற்கலங்களிலிருந்து செய்தி பெறுகின்றது. ஒன்றை நாம் கற்குங்கால் இவ்விணைப்புக்கள் சில வலுப்பெறுகின்றன. நினைவுக்கு அடிப்படை அதுவே.

வல்லாரையில் ஏசியாற்றிக்கோசைட்டு முதலிய பொருள்கள் அடங்கியுள்ளன. இந்தியாவின் மணிப்பால் நகர ஆய்வாளர்கள், வளரும் பருவத்து எலிகளுக்கு வல்லாரைச் சாற்றினைச் சில வாரங்கள் புகட்டினர். போதிய அளவு சாற்றினை நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பெற்ற எலிகளின் மூளையில், நினைவுக்குரிய பகுதியிலுள்ள கலங்கள் மிகுதியாகக் கிளைத்திருந்தமை கண்டு 2006ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

ஆயினும் எலி வேறு, மனிதர் வேறு. மனிதரிடையே நடத்தப்பெற்ற சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, வல்லாரை நினைவாற்றலைப் பெருக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கண்டது. மனத்தில் விழிப்புணர்வு சற்று மிகக்கூடும் என்பதற்கு மட்டுமே சில அறிகுறிகள் தென்பட்டன.

தாவரப் பொருள் மூளைக்கு உதவவே உதவாது என்பது இதன் கருத்தன்று. ஐரோப்பியப் பனிப்பூச் செடியினத்திற் காணப்பெறும் கலந்தமைன், செய்தி கடத்தும் அசற்றைல்கோலின் என்னும் பொருள் விரைவில் அழியாது காக்கின்றது. அளவு வரையறுத்துச் சோதித்த பின்னரே, மறதிநோயாளருக்குரிய மருந்தாக 2001இல் அமெரிக்கா அதனை ஏற்றது. அந்நோயை அது முற்றாகத் தீர்ப்பதில்லை. அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கின்றது.

ஆதலின், வல்லாரையை நல்ல கீரையாக நன்கு கழுவி உண்பதே முறை. செறிவூட்டிய வல்லாரை மாத்திரைகளை உண்ட சிலருக்கு ஈரல் பாதிப்புற்றதும் பதிவாகியுள்ளது. பரீட்சைக் காலத்தில் விலைமிக்க ஞாபகசக்தி மருந்துகளை நாடும் பெற்றோர், பிள்ளைக்கு வேண்டிய உறக்கமும் காலையுணவும் கிடைக்கின்றனவா என முதலில் நோக்குதல் வேண்டும். முதியோர் வழியையும் பெயரையும் அடிக்கடி மறப்பாராயின், இலைக்கஞ்சியை நம்பிக் காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதலே கடன்.