முற்றத்து மாம்பழமும் காலைப் பிட்டும்

யாழ்ப்பாணத்து வளவுகளில் வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் முற்றும். வியாபாரி மரத்தோடு விலைபேசி எல்லாவற்றையும் இறக்கிச் சென்றால், வீட்டுப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அணில் கோதியதுதான்! காசு அவசியமே; ஆயினும் ஒரு கிளையையாவது வீட்டுக்கென விட்டுவைக்கலாகாதா?

காம்படியில் தோள் புடைத்த காயே முற்றியது. தடியால் அடித்து வீழ்த்தினால் கன்றிவிடும். பை கட்டிய கொக்கத்தடியால் காம்போடு பறியுங்கள். பால் தோலிற் பட்டால் கறுக்கும்; ஆகவே கவிழ்த்து வடியவிட்டு, வைக்கோலில் அடுக்குங்கள். சில நாட்களிற் கனியும். பழம் ஏந்துவதும் அடுக்குவதும் பிள்ளைகளின் வேலையாகட்டும்; அவர்களுக்கு அது திருவிழா.

சூடான பிட்டு, தேங்காய்ப்பூ, அரிந்த மாம்பழம், கறியே தேவையில்லை. கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்து ஏ இப்பழத்திலிருந்தும் கிடைக்கிறது. மிஞ்சிய பழத்தின் சாற்றைப் பனாட்டுப் போலப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் மாரிக்கு உதவும்.