வெள்ளைக் குட்டிக்குக் காது கேட்குதா?



எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஆட்டுப்பட்டிக்கும் கருவாட்டுக் களத்துக்கும் காவலா நாய் வளர்க்கிறது நமக்குப் புதுசில்லை. இப்போ ராஜபாளையம் குட்டி வாங்க உள்கடன் கேட்கும் உறுப்பினர்களும் இருக்காங்க. குட்டி போட்டா விற்கலாம் என்ற எண்ணமும் இருக்கு. கடன் கொடுக்கும் முன் சில விஷயங்களை நாம் தெரிஞ்சுக்கணும்.

ராஜபாளையம் நம்ம தமிழ்நாட்டு இனம். 2005-ல் தபால் துறை இதுக்குத் தபால்தலை வெளியிட்டது. உடல் முழுக்க வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. இந்த அழகுக்குத்தான் விலை. குறையும் அதில்தான் இருக்கு.

காது ஏன் கேட்பதில்லை?

தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதுக்குள்ளும் இருக்கணும். அவை இல்லாத குட்டிக்கு உள்காதில் ரத்த ஓட்டம் குறைஞ்சு, பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிஞ்சு போகும். அதுக்குப் பிறகு மருந்து கிடையாது. இது பரம்பரையா வரும் குறை. நெருங்கிய உறவு நாய்களையே சேர்த்தா இன்னும் கூடும். எல்லா வெள்ளைக் குட்டியும் செவிடு இல்லை. ஆனா சோதிக்காம வாங்கக் கூடாது.

எப்படிப் பார்ப்பது?

குட்டிக்கு 5, 6 வாரம் ஆனதும் கூடப்பிறந்த குட்டிகளிடமிருந்து தனியா பிரிச்சு வையுங்க. அது பார்க்காதபோது, பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று தட்டில் கரண்டியால் தட்டுங்க. தரையில் காலால் தட்டக் கூடாது, அதிர்வை உணர்ந்தே திரும்பிடும். 3, 4 தடவை செய்தும் காதை அசைக்கலைன்னா சந்தேகம்தான். ஒரு காது மட்டும் கேட்காததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதுக்குக் கருவி வைத்துச் சோதிக்கணும். கால்நடை மருத்துவரிடம் கேளுங்க.

நம்ம பகுதியில் கன்டெய்னர் லாரி ஓயாமல் ஓடும் சாலை. ஹார்ன் கேட்காத நாய் சக்கரத்தில் மாட்டும். தூங்கும்போது குழந்தை தொட்டா திடுக்கிட்டுக் கடிக்கவும் செய்யும். அதனால் அதைக் கட்டியே வளர்க்கணும். கையசைவால் பழக்கலாம், நல்லாவே பழகும். தெருவில் விட வேண்டாம். கருத்தடை செய்யுங்க. ஈன்ற குட்டிகளில் ஒன்றுக்குக் காது கேட்காவிட்டாலும், அதே ஜோடியை மறுபடி சேர்க்காதீங்க.

சொறியும் உண்ணியும்

இந்த நாய்க்கு முடி குட்டை, தோல் வெளுப்பு. சொறி வந்தா பழைய என்ஜின் ஆயில் தடவும் பழக்கம் நம்ம பக்கம் இருக்கு. நாய் அதை நக்கினா விஷம், தோலும் வெந்துபோகும். சொறியில் பல வகை உண்டு, வகைக்கு ஏற்ற மருந்தை மருத்துவர்தான் தரணும். உண்ணி கடிச்சு, காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் இருந்தா அன்றைக்கே கொண்டு போங்க.

தடுப்பூசி

குட்டிகளைச் சாகடிப்பதில் பார்வோ முக்கியமானது. வாந்தி, ரத்தப் பேதி வந்தா ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் அடுத்தடுத்த ஊசி. 3 மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, அதுக்குப் பிறகும் மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் போடணும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் நாய்க்கு உரிமமும் எடுக்கணும். பெரிய சிகிச்சைக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு.

நாய் யாரையாவது கடிச்சா, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போகணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைக்கவே கூடாது.

குழுவில் பேசுங்க

குட்டி வாங்கக் கடன் கேட்டு வந்தா, குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்க. காது சோதிச்சாச்சா? தாய், தகப்பன் நாயைப் பார்த்தீங்களா? ஊசிச் செலவையும் கணக்கில் சேர்த்தீங்களா? மூன்றுக்கும் பதில் இருந்தா தீர்மானம் எழுதுங்க. இல்லைன்னா அடுத்த கூட்டம் வரை பொறுக்கலாம். குட்டி செத்துப் போனாலும் தவணை நிற்காது, சகோதரிகளே!