இருக்கை கிடைத்தவரும் கிடைக்காதவரும்

"அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துப் போனால் நிம்மதி கூடுமா?" என்று கேட்டிருக்கிறார் குரோம்பேட்டை வாசகர் ஒருவர். பயணம் இத்தனை நிமிடம் நீண்டால் மகிழ்ச்சி இவ்வளவு குறையும் என்று வரும் செய்திகளை நம்பி வீட்டை மாற்ற வேண்டாம் என்பேன். ஸ்டுட்சர், ஃபிரே என்ற பொருளியலாளர்கள் ஜெர்மானியக் கணக்கெடுப்பை அலசி, தொலைவிலிருந்து வருவோருக்கு வாழ்க்கைத் திருப்தி குறைவு என்றார்கள். 2014இல் பிரிட்டன் தரவுகளை ஆராய்ந்த குழுவுக்கோ அப்படியொரு தொடர்பே தென்படவில்லை.

கடிகாரத்தை விட்டுவிட்டு உடம்பையே கேட்டவர் சுவீடன் உளவியலாளர் உல்ஃப் லுண்ட்பெரி. 1974இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து ரயில்கள் நிரம்பிய காலம் அது. நீனஸ்ஹாம்னிலிருந்து ஸ்டாக்ஹோம் செல்லும் வண்டியில் பயணிகளின் சிறுநீரில் அட்ரினலின் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தார். ரத்தம் எடுத்தால் ஊசியைக் கண்டதுமே அட்ரினலின் ஏறிவிடும். சிறுநீரகமோ பயணம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துவைத்து மொத்தக் கணக்கைத் தந்துவிடும். எவ்வளவு அழகான வழி!

கிடைத்த விடை இன்னும் அழகு. தொடக்க நிலையத்தில் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணித்தவர்களைவிட, நடுவழியில் ஏறிக் கொஞ்ச தூரமே வந்தவர்களுக்கு அட்ரினலின் அதிகம்!

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்திக்காரர் விரும்பிய இடத்தில், விரும்பியவர் பக்கத்தில் உட்காருகிறார். அடுத்த பந்திக்காரர் யாரோ ஒருவரின் நாற்காலியைப் பிடித்தபடி, அவர் பாயசத்தை எப்போது முடிப்பார் என்று நிற்கிறார். ரசத்துக்கே இன்னொரு கை சாதம் கேட்டால் வயிறு எரிகிறது. சாப்பாடு என்னவோ ஒன்றுதான். ரயிலில் நடுவழியில் ஏறுபவரும் இந்த அடுத்த பந்திக்காரர்தான். இடம் தன் கையில் இல்லை என்று மூளை கணித்த நொடியே பரிவு நரம்புகள் அட்ரினல் சுரப்பியைத் தட்டிவிடுகின்றன. கொஞ்ச தூரம்தான் என்ற ஆறுதல் அங்கே எடுபடுவதில்லை. லுண்ட்பெரி சோதித்தது ஆண்களை மட்டுமே. நெரிசலில் பெண்கள் படும் பாடு அந்தக் கணக்கில் இல்லை என்பது பெரிய குறை.

2007இல் கேரி எவன்ஸ், ரிச்சர்ட் வெனர் என்ற ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு ரயிலில் செல்வோரின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற இன்னொரு அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். பெட்டி எவ்வளவு நிரம்பியிருந்தது என்பது பெரிதாகப் பாதிக்கவில்லை. தன் வரிசையில் இடித்துக்கொண்டு ஆள் இருந்ததே பாதித்தது. மூவர் இருக்கையில் நடுவிடம் காலியாக இருந்தும் நின்றபடி வருபவர்களை வீம்புக்காரர்கள் என்று இனி சொல்ல முடியாது. நியூ ஜெர்சி ரயில் நிர்வாகம் 2006 டிசம்பரில் ஓடவிட்ட ஈரடுக்குப் பெட்டிகளில் பக்கத்துக்கு இரண்டு இருக்கைகள்தான். நடுவிருக்கையே கிடையாது.