செல்போனுக்கு முன்பே போன திடல்

கிட்டிப்புள்ளுக்கு ஓசூர் வட்டாரத்தில் ஒரே பெயர் கிடையாது. தமிழ் பேசும் வீட்டில் அது கிட்டிப்புள் அல்லது கில்லி. கன்னடம் பேசும் வீட்டில் சின்னிதாண்டு. தெலுங்கு பேசும் வீட்டில் பில்லங்கோடு. ஒருவர் பம்பரம் என்பதை இன்னொருவர் புகுரி என்பார், மூன்றாமவர் பொங்கரம் என்பார். பல்லாங்குழி ஒரு வீட்டில் அளகுளிமணெ, அடுத்த வீட்டில் வாமனகுண்டலு. பெங்களூரு இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஆந்திர எல்லையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூர், பாகலூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை என்று எங்கே போனாலும் ஒரே தெருவில் இரண்டு மூன்று மொழிகள் காதில் விழும். ஆனால் புள்ளைக் கிண்டி அடித்தபின் அது எவ்வளவு தூரம் போனது என்று அளக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் கோல் ஒன்றுதான். அந்தத் தெருவில் இன்று புள் பறப்பது அரிதாகிவிட்டது. "எல்லாம் இந்த செல்போனால் வந்த வினை" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தீர்ப்பு அவ்வளவு சுலபமானதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கடந்துபோனதை எண்ணி ஏங்குவதற்கு மேற்கே ஒரு மருத்துவ வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான்னஸ் ஹோஃபர் 1688இல் எழுதிய மருத்துவ ஆய்வேட்டில், 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லையே ஒரு நோயின் பெயராகத்தான் உருவாக்கினார். சொந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களுக்கு வரும் நோய் அது. இழந்த காலத்தை நினைத்து உருகுவது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஓசூரைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய பொருளே உதவுகிறது. இது வந்தேறியவர்களால் வளர்ந்த நகரம். தருமபுரியிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் போக, இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் வருகிறார்கள். இவர்கள் "எங்க காலத்துல" என்று தொடங்கும்போது பாதிப் பேச்சு காலத்தைப் பற்றியதாக இருப்பதில்லை, விட்டு வந்த இடத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. களத்துமேடு, ஏரிக்கரை, புளியந்தோப்பு. நினைவு சரியான இடத்தைத்தான் தொடுகிறது. பழியைத்தான் வேறொன்றின்மேல் போடுகிறது.

அந்த விளையாட்டுகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை முதலில் பார்ப்போம். உடற்பயிற்சி என்று சொல்லி முடித்துவிட்டால் முக்கியமானது விட்டுப்போகும். கோலிக்கும் கிட்டிப்புள்ளுக்கும் நடுவர் கிடையாது, அச்சடித்த விதிப் புத்தகம் கிடையாது. குழியிலிருந்து எத்தனை சாண் தள்ளி நிற்பது, புள் வேலிக்குள் விழுந்தால் என்ன செய்வது, கடைசியாக வந்த சின்னப் பையனை ஆட்டத்தில் சேர்ப்பதா, 'உப்புக்குச் சப்பாணி' ஆக்குவதா, எல்லாவற்றையும் பிள்ளைகளே பேசி முடிவு செய்ய வேண்டும். உளவியலறிஞர் ஜான் பியாஜே, குழந்தைகளின் அறவுணர்வைப் பற்றி 1932இல் வெளியிட்ட நூலைத் தொடங்கியதே சுவிட்சர்லாந்துச் சிறுவர்களின் கோலி ஆட்டத்திலிருந்துதான். விதி என்பது பெரியவர்கள் போட்டது, மாற்றவே முடியாதது என்று சின்னப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பத்து, பதினொரு வயதுக்கு வரும்போது, எல்லாரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம் என்று அறிகிறார்கள். அந்த அறிவை அவர்களுக்குத் தந்தது சக பிள்ளைகளோடு போட்ட சண்டையும் சமாதானமும் என்பது அவர் கண்டது.

எல்லைப் பகுதியில் இதற்கு இன்னொரு பயனும் இருந்தது. விதியைப் பேசி முடிக்க மொழி வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்குக் கன்னடமும் தெலுங்குப் பிள்ளைக்குத் தமிழும் வந்தது பெரும்பாலும் இந்த வாய்ச்சண்டையில்தான். திரையில் கேட்டாலே மொழி வந்துவிடாதா என்று கேட்கலாம். அமெரிக்க ஆய்வாளர் பட்ரீசியா குல் தம் குழுவினருடன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 அமர்வுகளில் பழக்கினார்கள். எதிரே உட்கார்ந்து ஒரு மனிதர் பேசி விளையாடியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைக் காணொளியில் காட்டியபோது எதுவும் ஏறவில்லை. கைக்குழந்தைக்குப் பொருந்துவதை எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். வளர்ந்த பிள்ளைகள் திரையிலிருந்தும் சொற்களைப் பொறுக்குகிறார்கள். ஆனாலும் திரை பதிலை எதிர்பார்ப்பதில்லை. 'நீ அவுட்' என்றவனிடம் 'இல்லை' என்று வாதாடி நிற்கத் திரையில் எதிராளி இல்லை.

இவ்வளவும் தந்த திடல் எப்போது காலியானது? இங்கேதான் காலவரிசை செல்போனுக்குச் சாதகமாகப் பேசுகிறது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு, 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனதாகவும் 1990இல் அது 9 சதவீதமாகச் சரிந்ததாகவும் காட்டியது. அந்த 1990இல் பிள்ளைகள் கையில் செல்போன் இல்லை. தெருவில் கார்கள் பெருகியிருந்தன. பெற்றோர் மனதில் அச்சம் பெருகியிருந்தது. ஓசூரின் கதையையும் இப்படி வரிசைப்படுத்தலாம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் டிவிஎஸ் 50 மொபெட்டும் வந்தன. 1980களின் பிற்பாதியில் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. இப்போது ஐபோனின் உறுப்புகளும் இங்கே தயாராகின்றன. லாரி, மொபெட், கைக்கடிகாரம், செல்போன் என்று இந்த ஊர் செய்து அனுப்பிய பொருள்களையே குழந்தைப் பருவம் மாறிய வரிசையாகவும் வாசிக்கலாம். முதலில் தெரு வண்டிக்குப் போனது. பிறகு வீட்டின் பொழுது ஷிப்டுக்குப் போனது. கையில் திரை வந்தது கடைசியில். நாட்டில் மலிவு விலை டேட்டா பரவத் தொடங்கியது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான். அதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே களத்துமேடுகள் 'சைட்' எனப்படும் வீட்டுமனைகள் ஆகிவிட்டிருந்தன.

விளையாட்டுக்கு இடம், நேரம், துணை மூன்றும் வேண்டும். தொழில் வளர்ச்சி இந்த மூன்றையும் தனித்தனியாகக் குலைத்தது. மனை போட்ட நிலத்தில் இடம் போனது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் பிளந்துகொண்டு போகிறது; அதைக் கடந்து அடுத்த பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடி வா என்று எந்தத் தாயும் அனுப்பமாட்டார். நேரத்தை எடுத்துக்கொண்டால், தந்தை நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் ஒற்றை அறை லைன் வீட்டில், 'சத்தம் போடாதே' என்பதுதான் பிள்ளைக்கு முதல் சட்டம். தாயும் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டால் தெருவில் விளையாடும் பிள்ளைமேல் ஒரு கண் வைக்க யாருமில்லை. துணையோ, வாடகை வீடு மாறும்போதெல்லாம் மாறுகிறது. பாட்டியும் சித்தப்பா பிள்ளைகளும் ஊரிலேயே இருக்க, பக்கத்து வீட்டில் ஒடியா பேசும் குடும்பம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. செல்போன் இந்த மூன்று வெற்றிடங்களையும் ஒன்றாக நிரப்புகிறது. அதற்கு இடம் வேண்டாம், நேரம் பார்க்க வேண்டாம், கூட்டாளி வேண்டாம், சத்தத்தையும் குறைத்துவிடலாம். அதை வீட்டுக்குள் வந்த திருடன் என்பதைவிட, காலியான வீட்டில் குடிவந்தவன் என்பதே பொருத்தம்.

குடிவந்தவன் நல்லவன் என்று இதற்குப் பொருளில்லை. கிராமப்புறப் பிள்ளைகளை ஆராயும் 'அசர்' அறிக்கை 2024இல், 14 முதல் 16 வயதினரில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொன்னது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காகத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். பெங்களூருவில் ஓசூர் சாலையிலேயே இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, தொழில்நுட்பத்துக்கு அடிமையானவர்களுக்கென்று 2014இல் ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் கணினி விளையாட்டுக்கு அடிமையாவதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று 2019இல் அது சொன்னது. கிட்டிப்புள் ஆட்டம் இருட்டினால் முடிந்துவிடும். ரீல்ஸுக்கு இருட்டுவதே இல்லை; அடுத்தது, அடுத்தது என்று விரல் நகர்ந்துகொண்டே இருக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு மிக வலுவானது: அந்தக் காலம் யாருக்குப் பொற்காலம்? ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதற்கு முன் அது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நீட்டித்த மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. பிறக்கவே போராட வேண்டியிருந்த பெண் குழந்தை, பிறந்து வளர்ந்தபின் தம்பியை இடுப்பில் சுமந்தபடி ஆட்டத்தை ஓரமாக நின்று பார்த்தது. ஊரின் திடல் சேரிப் பிள்ளைக்குத் திறந்திருக்கவில்லை. ஆடு மேய்த்த பிள்ளைக்கும் கூலிக்குப் போன பிள்ளைக்கும் மாலைப்பொழுது விளையாட்டுக்கென்று கிடைக்கவில்லை. இன்று அந்தப் பெண் பள்ளி முடித்து, தொழிற்சாலையில் சம்பளம் வாங்கி, தன் பணத்தில் போன் வாங்குகிறாள் என்றால், பழையபடி ஆகட்டும் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இதை முழுதாக ஏற்கிறேன். அதனால்தான் கேட்க வேண்டியது பழைய திடலை இல்லை என்கிறேன். பெண்ணும் சேரிப் பிள்ளையும் நேற்று வந்த ஒடியாக் குழந்தையும் உரிமையோடு கால் வைக்கும் திடல் இந்த மண்ணுக்குப் புதியது. ஏக்கத்தில் திளைப்பவர்களால் அதைக் கற்பனை செய்ய முடியாது.

புதிய ஊடகம் எது வந்தாலும் இப்படித்தான் புலம்புவார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. சினிமாவையும் வானொலியையும் தொலைக்காட்சியையும் குறை சொன்னோம், பிள்ளைகள் கெட்டா போனார்கள்? இதில் உண்மை இருக்கிறது, ஒரு வேறுபாடும் இருக்கிறது. தூர்தர்ஷன் 1987இல் 'ராமாயணம்' ஒளிபரப்பியபோது ஒரு பெட்டியின் முன் பலர் கூடினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து வெளியே போய் அம்பு விட்டு விளையாடினார்கள். தமிழக அரசு 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பெட்டி வந்தது. இப்போது ஒவ்வொரு ஆளுக்கும் தனித்திரை. ஊடகம் மாறும்போதெல்லாம் வட்டம் சுருங்கியது. வெளியே போக இடம் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. செல்போனால் நன்மையே இல்லையா என்றும் கேட்கலாம். ஜார்க்கண்டில் இருக்கும் பாட்டியின் முகத்தை ஓசூரில் பிறந்த பேரன் பார்ப்பது அதில்தான். கொரோனா ஊரடங்கில் பாடம் வந்ததும் அதன் வழியாகத்தான். எனவே பிடுங்கி எறிவது விடையாகாது.

அப்படியானால் சட்டம் போட்டுத் தடுக்கலாமே? பதினாறு வயதுக்குக் கீழானவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடை போட்டிருக்கிறது. அதன் பலனைக் காலம்தான் சொல்லும். நம் அனுபவம் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக்கையும் செப்டம்பரில் பப்ஜியையும் மத்திய அரசு தடை செய்தது. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் வந்துவிட்டது. பப்ஜிக்கு மாற்று அடுத்த ஆண்டு வந்தது. தடை செய்த செயலியிலிருந்து பிள்ளைகள் அடுத்த செயலிக்குப் போனார்கள். திடலுக்கு யாரும் போகவில்லை, போவதற்குத் திடல் இருந்தால்தானே?

ஆகவே செய்ய வேண்டியது நிலத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தினார்கள். பிள்ளைகள் ஓட வேண்டிய நிலம் பல இடங்களில் இப்படி ரூபாயாகிவிட்டது. நிலமாகவே கிடைத்த இடங்களில் அது முள்வேலிக்குள் கிடக்கிறதா, குப்பை மேடாகிவிட்டதா, யாரேனும் வளைத்துவிட்டார்களா என்று பார்ப்பார் இல்லை. அரசுப் பள்ளி மைதானங்களை மாலை ஆறு மணிவரை தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதற்குப் புது நிலம்கூட வேண்டாம், ஒரு காவலாளி போதும்.

'சைட்' வாங்கும்போது நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அப்ரூவல் இருக்கிறதா, தண்ணீர் வருமா, பஸ் வருமா என்று நூறு கேள்வி கேட்கிறோம். இனி ஒன்றைக் கூடுதலாகக் கேளுங்கள். உங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தில் 'பார்க்' என்று ஏதோ ஒரு கட்டத்தில் எழுதியிருக்கும். அந்த இடம் இன்று யாரிடம் இருக்கிறது? பதில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான்.