சராசரி மறைத்ததும் படம் காட்டியதும்

அமெரிக்க நாட்டின் எல்லோஸ்டோன் பூங்காவில் ‘ஓல்டு ஃபெய்த்ஃபுல்’ என்னும் வெந்நீரூற்று விட்டுவிட்டுப் பீறிட்டெழும். அதன் 272 எழுச்சிகளின் நீட்டிப்பும், அடுத்த எழுச்சிவரை உள்ள காத்திருப்பும் ‘ஆர்’ என்னும் புள்ளியியற் கணினிமொழியில் ‘ஃபெய்த்ஃபுல்’ என்ற அட்டவணையாக உள்ளன. ‘சம்மரி’ என்னும் ஆணையிடின், காத்திருப்பின் சராசரி ஏறத்தாழ 71 நிமிடம் எனக் காண்கிறோம். ஊற்று 71 நிமிடத்திற்கொருமுறை எழும் என்று இதனாற் கொள்ளுதல் பிழையாம். காத்திருப்புப் பத்தியை மட்டும் ‘ஹிஸ்ட்’ ஆணைக்குத் தந்து நிகழ்வுச் செவ்வகப்படம் வரைந்தால், 55 நிமிடத்தை ஒட்டி ஒரு குவடும் 80-ஐ ஒட்டி உயர்ந்த குவடும் தோன்றுகின்றன. 65-க்கும் 70-க்கும் இடையே பள்ளம். சராசரியோ அப்பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது! ‘பிளாட்’ ஆணை மேலும் ஒன்றைச் சுட்டுகிறது: குறுகிய எழுச்சியின்பின் காத்திருப்புக் குறைவு, நெடியதன்பின் மிகுதி. ‘ஹெட்’ ஆணை காட்டும் முதல் ஆறு வரிகளிலேயே 79, 54, 74, 62, 85, 55 எனக் காத்திருப்பு ஏறியிறங்குவதை நாம் முன்னரே நோக்கியிருத்தல் வேண்டும்.